சிவப்புக் கட்டையைப் பிடுங்கிவிட்டேன்

786
மட்டாஞ்சேரி
8.6.1964

குஞ்ஞு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் பாவாடை கட்டித் திரிந்த காலத்தில் உங்கள் அண்ணனைப் பெரிய மச்சான் என்றும், சின்னவரான உங்களை இப்படியும்தான் கூப்பிடுவேன். கல்யாணத்துக்குப் பிறகு வெறும் மச்சான் ஆகிவிட்டீர்கள். இன்றைக்கு உங்களிடம் ஒரு காரியம் கேட்கிறேன். அதனால் பழைய பேரை எடுக்கிறேன். எனக்கு நாலாம் வகுப்புத் தமிழ்தான். பிழை இருந்தால் பொறுத்துப் படியுங்கள்.

நம் பிள்ளை ஜுமைலாவுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா போன புதன்கிழமை முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நீங்கள் அடித்த தந்தியைப் பெரிய மச்சான்தான் படித்துக் காட்டினார். அதைப் பற்றி இப்போது ஒன்றும் எழுதவில்லை.

காரியம் இதுதான். நோன்புப் பெருநாளுக்கு நீங்கள் ஆள் மூலம் கொடுத்துவிட்ட பேசுகிற பெட்டியில் பிள்ளை உங்களுக்காகப் பேசி வைத்திருக்கிறாள். நான் சுக்கு பொறுக்கப் பாண்டிகசாலைக் கிடங்குக்குப் போயிருந்த நேரம். சாயங்காலம் வந்தால், "உம்மா, அத்தாக்குப் பேசி வச்சுட்டேன், அத்தா கேக்கறதுக்கு முன்னாடி ஒருத்தரும் கேக்கப் படாது" என்று பெட்டி மேல் ஏறாத குறையாக உட்கார்ந்திருந்தாள். "நான் உம்மா இல்லையாடி?" என்றேன். "நீ தினமும் கேக்கறியே, போதாதா?" என்றாள். நாடாவை யாராவது கப்பல்காரர் கையில் உங்களுக்குக் கொடுத்துவிடுவதாக இருந்தோம். அதற்குள் காய்ச்சல் வந்தது. பிறகு நடந்ததை உங்களுக்கு எழுதிவிட்டார்கள்.

நாடா பெட்டியிலேயே கிடந்தது. நாற்பது முடிகிற வரைக்கும் தொட வேண்டாம் என்றார்கள். தொடவில்லை. வியாழக்கிழமை போட்டேன். சக்கரம் சுற்றுகிறது, பச்சைக் கண் மாதிரி இருக்கிற விளக்கும் எரிகிறது. ஆனால் பேச்சு வரவில்லை. பேசுகிறது என்று மட்டும் தெரிகிறது. வாயில் துணி அடைத்த மாதிரி, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி. நடுவில் நடுவில் அதுவும் இழுத்துக்கொண்டு போகிறது.

அங்கே நீங்கள் ஊரார் பெட்டியை எல்லாம் பழுது பார்க்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பெட்டி கெட்டுக் கிடக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். வேறு ஆறுதல் ஒன்றும் வேண்டாம்.

இப்படிக்கு,
மெஹருன்னிசா


786
பினாங்கு
18.6.1964

அன்புள்ள மெஹருன்னிசாவுக்கு,

ரஷீது எழுதுவது. சலாம். உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, இன்றைக்குத்தான் முடிந்தது. ஆறுதல் வேண்டாம் என்று எழுதிவிட்டாய். அப்படியே ஆகட்டும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெட்டியில் சிவப்பாக ஒரு கட்டை இருக்கிறதே, அதை யாரும் தொடக்கூடாது. நாடா ஓடுகிற வழியில் ஹெட் என்று இரண்டு சின்னத் துண்டுகள் இருக்கின்றன. முதலில் இருப்பது அழிக்கிற ஹெட். அடுத்தது எழுதவும் செய்யும், எழுதியதைப் படிக்கவும் செய்யும். சிவப்புக் கட்டையை அமுக்கினால் அழிக்கிற ஹெட் வேலையை ஆரம்பித்துவிடும். பழைய பேச்சைத் துடைத்துக்கொண்டே போகும். பார்வைக்கு நாடா அப்படியேதான் இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. போனது போனதுதான், எந்த மெக்கானிக்காலும் கொண்டுவர முடியாது.

இனி உன் பெட்டிக்கு வருகிறேன். பழுது இரண்டில் ஒன்று. பிள்ளை பேசியபோதே பெட்டி சரியாக எழுதாமல் விட்டிருக்கலாம். அல்லது நன்றாக எழுதியதை இப்போது படிக்க முடியாமல் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பெட்டியோடு ஒரு சின்ன நாடா அனுப்பியிருந்தேன். எங்கள் கடையில் சோதனைக்காகப் பிடித்த பேண்டு வாத்தியம். அதைப் போட்டுப் பார். அதுவும் அடைத்துக்கொண்டு வந்தால் கெட்டது பெட்டி. அது கணீரென்று வந்தால், பிள்ளையின் நாடாவிலேயே எழுத்து சரியாக விழவில்லை என்று அர்த்தம். அப்படியானால் நாம் செய்ய ஒன்றும் இல்லை.

மழைக்கால ஈரமாகவும் இருக்கலாம். எதற்கும் இதையெல்லாம் கடிதத்தில் எழுதிச் செய்ய முடியாது, மெஹரு. நாடாவைப் பத்திரமாகக் கட்டி எனக்கு அனுப்பிவிடு. கடையில் நல்ல பெட்டிகள் இருக்கின்றன. நானே பார்த்துக்கொள்கிறேன். பேசியதும் எனக்காகத்தானே.

ரஷீது


786
மட்டாஞ்சேரி
30.6.1964

மச்சானுக்கு,

சலாம். பேண்டு வாத்தியத்தைப் போட்டேன். அது கணீரென்று வந்துவிடக் கூடாதே என்று துஆ கேட்டுக்கொண்டு போட்டேன். ஒரு பெட்டி கெட்டுப் போயிருக்க வேண்டும் என்று துஆ கேட்ட பொம்பளை இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதுவும் அடைத்துக்கொண்டுதான் வந்தது. கல்யாண ஊர்வலம் மூன்று தெரு தள்ளிப் போகிற மாதிரி. அல்ஹம்துலில்லாஹ். என் பிள்ளை சரியாகத்தான் பேசியிருக்கிறாள். கெட்டது நீங்கள் அனுப்பிய பெட்டிதான்.

இதைப் பெரிய மச்சானிடம் சொன்னது என் தப்பு. அவருக்கு ஏற்கனவே இந்த விஷயம் பிடிக்கவில்லை. மவுத்தான பிள்ளையின் குரலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய், அது அவளுக்கும் நல்லதில்லை, உனக்கும் நல்லதில்லை என்கிறார். அவர் மகனுக்கு ஆவணி மாதம் கல்யாணம். பெட்டியைச் சரி செய்து அதே நாடாவில் நிக்காஹ் குத்பா ஓதுவதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அவருக்கு நினைப்பு. நான் பாண்டிகசாலையில் இருந்த நேரம் பார்த்து, பிள்ளையின் நாடாவோடு கைவண்டியில் ஏற்றி பஜாரில் ரேடியோ கடை வைத்திருக்கும் வாஞ்சிநாதனிடம் கொண்டுபோய்விட்டார். தெரிந்ததும் சுக்கு முறத்தை அப்படியே போட்டுவிட்டு மழையில் ஓடினேன்.

நான் போகும்போது வாஞ்சிநாதன் விரல் சிவப்புக் கட்டை மேல் இருந்தது. நான் என் கையை அதன் மேல் வைத்துவிட்டேன்.

"ஒரு ஹலோ சொல்லிப் பார்த்தாத்தானேம்மா மிஷினுக்கு என்ன சீக்குன்னு தெரியும்" என்றார்.

"உங்க ஹலோ விழுந்தா எம் மக அழிஞ்சு போவா. அப்புறம் உங்க ஹலோவை வச்சுக்கிட்டு நான் எந்தா செய்யட்டும்?"

"இதெல்லாம் உங்களுக்கு ஆரு சொன்னா?"

"பினாங்கிலேருந்து எழுதி வந்துருக்கு."

பெரிய மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆம்பிளைங்க பேசற எடத்துல என்ன மெஹரு இது? கையை எடு."

"அவரை விரலை எடுக்கச் சொல்லுங்க. நான் கையை எடுக்கறேன்."

கடை வாசலில் சாயா குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். வாஞ்சிநாதன் நல்ல மனுஷர், விரலை எடுத்துவிட்டார். "பாயி, இந்த மிஷினை நான் தொடல்லை. கொண்டு போங்கோ" என்றார். அதே கைவண்டியில் ஏற்றி, என் துப்பட்டியால் மூடி, நானே தள்ளிக்கொண்டு வந்தேன். யூதர்கள் இருக்கிற ஜூதத் தெரு முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும்.

நாடாவை அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். அனுப்ப மாட்டேன். கப்பலில் போகும், சுங்கத்தில் எவனாவது பிரிப்பான், கடலில் விழும். எனக்கு வேறு பிரதி இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. கேட்க வேண்டுமானால் வாருங்கள். ஒவ்வொரு பெருநாளுக்கும் அடுத்த பெருநாள் என்று எழுதினீர்கள். மூன்று வயதுப் பிள்ளையை விட்டுப் போனீர்கள், அவளைப் பன்னிரண்டு வயதில் அடக்கினோம். அவள் குரல் இங்கேதான் இருக்கும். வருகிறவர்கள் வரட்டும்.

பெட்டியைத் திறப்பது எப்படி என்று எழுதுங்கள். நானே திறக்கிறேன்.

மெஹருன்னிசா


786
பினாங்கு
11.7.1964

மெஹருன்னிசாவுக்கு,

ரஷீது எழுதுவது. அண்ணனும் ஒரு கடிதம் போட்டிருக்கிறார். கடைத்தெருவில் அவர் மானம் போய்விட்டதாக எழுதியிருக்கிறார். நீ இப்படி இருந்தவள் இல்லை.

நான் வராததற்கு நான்தான் காரணம் என்று நினைக்கிறாயா? முதலாளி கடையை என்னை நம்பி விட்டிருக்கிறார். பாஸ்போர்ட்டு விஷயம் இன்னும் முடியவில்லை. உனக்கு இதெல்லாம் புரியாது. அங்கே நீ அழும்போது பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். இங்கே நான் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சீனனுடைய ரேடியோவுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்கும் மகள்தான்.

பெட்டியைத் திறக்கும் விதம் எழுதுகிறேன். எழுதாவிட்டால் நீ சுத்தியலை எடுத்துவிடுவாய். முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கு. சக்கரங்களுக்கு முன்னால் நீளமாக ஒரு மூடி, இரண்டு ஓரத்திலும் திருகாணி இருக்கும். கழற்றினால் ஹெட் இரண்டும் தெரியும். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். நாடா உரசி உரசி அதன் மேல் காவி நிறத்தில் பொடி படிவது சகஜம். கொஞ்சம் படிந்தாலே பேச்சு அடைத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் தடவுவார்களே அந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடை. கத்தி, ஊசி, திருப்புளி எதையும் ஹெட் பக்கத்தில் கொண்டுபோகாதே. இரும்பு பட்டால் கீறும், காந்தம் ஏறும், அதுவும் நாடாவைக் கெடுக்கும். பக்கத்தில் ஒரு ரப்பர்ச் சக்கரம் உண்டு. அதற்கு ஸ்பிரிட்டு வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். தேங்காய் எண்ணெய் தடவுவது உங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் மருந்து. இதற்கு அது விஷம்.

படிந்திருப்பது காவிப் பொடியாக இல்லாமல் கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தால் எனக்கு எழுது. அது நாடாவிலிருந்து வந்தது இல்லை. அடுப்பங்கரையில் வைத்திருந்தாயா?

அடுத்த மாதம் எங்கள் கடை ஆள் ஒருவர் சரக்குக் கப்பலில் கொச்சி வருகிறார். வீட்டுக்கு வருவார். நாடாவை அவர் கையில் கொடு. இது நான் கேட்பது இல்லை, சொல்வது.

ரஷீது


786
மட்டாஞ்சேரி
24.7.1964

பினாங்கில் இருக்கும் ரஷீது அவர்களுக்கு,

உங்கள் பேரை எழுதிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து வாயாலும் சொன்னதில்லை, கையாலும் எழுதியதில்லை. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

திறந்தேன். இரும்பு வேண்டாம் என்றதால் திருகாணியை மட்டும் கழற்றிவிட்டுத் திருப்புளியை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டேன். படிந்திருந்தது கறுப்பு. விரலில் தொட்டால் ஒட்டியது. மூக்கில் வைத்துப் பார்த்தேன். அடுப்புக் கரி இல்லை. சாம்பிராணி.

நாற்பது நாளும் அந்த அறையில்தான் யாசீன் ஓதினார்கள். காலையும், சாயங்காலம் மக்ரிபுத் தொழுகைக்குப் பிறகும் நானேதான் தணலில் சாம்பிராணி போட்டுப் புகை காட்டினேன். மழைக்காலத்தில் துணிமணிக்குப் பூஞ்சை வராமல் காட்டுவோமே, அதே மாதிரி பெட்டிக்கும் அவள் பொருள் என்று மூடியைத் திறந்து நன்றாகக் காட்டினேன். அவளுக்குச் செய்கிறேன் என்று செய்தது அவள் வாயிலேயே போய் அடைத்துவிட்டது. இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. தப்பு என்று நான் நினைக்கவில்லை. இன்னொரு நாற்பது வந்தாலும் போடுவேன். பெட்டியை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் போடுவேன், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் ஸ்பிரிட்டு கேட்டேன். "எந்தினா, எதுக்கு?" என்றாள். "என் மகளுக்குத் தொண்டை அடைச்சிருக்கு" என்றேன். அவளுக்கு என் கதை தெரியும். மருந்துக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தாள். ஈர்க்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, தொட்டுத் தொட்டுத் துடைத்தேன். குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரிதான். பஞ்சு கறுத்துக்கொண்டே வந்தது. கடைசிப் பஞ்சு வெள்ளையாக வருகிற வரைக்கும் விடவில்லை. ரப்பர்ச் சக்கரத்துக்குச் சோப்பு.

பேண்டு வாத்தியத்தைப் போட்டேன். தாளம் தட்டுகிறவன் நம் வீட்டுக் கூடத்தில் நிற்கிற மாதிரி வந்தது. பிறகுதான் பிள்ளையின் நாடாவைப் போட்டேன்.

வந்தது. நாலு பேச்சு நன்றாக வந்தது, அப்புறம் மறுபடி மங்கியது. நாடா மேலும் புகை படிந்திருக்கிறது போல, ஓட ஓட ஹெட்டில் அப்பிக்கொள்கிறது. நிறுத்தினேன், துடைத்தேன், மறுபடி விட்டேன். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். அவசரம் இல்லை. அவள் எங்கேயும் போகப் போவதில்லை.

இன்னொன்று. பெட்டி சரியாகிவிட்டது என்று தெரிந்ததும் பெரிய மச்சான் புது மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "ஒரு ஓரத்துல பிடிச்சுக்கலாம் மெஹரு, அவ பேசின எடத்தை விட்டுட்டு" என்றார். எந்த ஓரத்தில் அவள் இருக்கிறாள் என்று எனக்கே இன்னும் தெரியாது. நான் உள்ளே போய் ஆணி பிடுங்குகிற குறட்டை எடுத்து வந்தேன். அவர் கண் முன்னாலேயே சிவப்புக் கட்டையைப் பிடுங்கிவிட்டேன். அடியில் இருந்த கம்பியோடு வந்துவிட்டது. இனி இந்தப் பெட்டி எழுதாது. எழுதினதைப் படிக்கும், அவ்வளவுதான். எனக்கு அது போதும். உங்கள் ஜெர்மன் பெட்டியைக் கெடுத்துவிட்டேன் என்று நீங்கள் கோபித்தாலும் சரி.

என்ன பேசியிருக்கிறாள் என்று எழுத மாட்டேன். உங்கள் ஆள் வரட்டும், சாயா கொடுக்கிறேன்.

மெஹருன்னிசா


786
பினாங்கு
6.8.1964

மெஹரு,

கோபம் இல்லை. கட்டையைப் பிடுங்கியது நல்லதுதான். இங்கே பட்டறையில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

நீ செய்திருக்கும் வேலை சரியான வேலை. ஒவ்வொரு தடவையும் நாடாவைச் சுற்றி வைக்கும்போது இறுக்கிச் சுற்றாதே. ஸ்பிரிட்டு காய்ந்த பிறகே நாடாவை மாட்டு. இதற்கு மேல் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். போன கடிதத்தில் சொல்வது என்று எழுதினேன். இப்போது கேட்கிறேன். நாடாவைக் கொடுத்துவிடு. நான் ஒரு தடவை கேட்டுவிட்டு, இங்கே இரண்டு பெட்டி வைத்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அசலை அதே ஆளிடம் திருப்பி அனுப்புகிறேன். அல்லாஹ் மேல் ஆணை. அதுவும் முடியாது என்றால் என்ன பேசினாள் என்றாவது எழுது, ஒரு வார்த்தை விடாமல். நான் படித்துக்கொள்கிறேன். படித்தால் போதும். அவள் குரல் என் காதிலேயே இருக்கிறது மெஹரு. படகுத்துறையில் உன் இடுப்பில் இருந்துகொண்டு அத்தா அத்தா என்று கத்தினாளே, அந்தக் குரலை எந்தக் கூட்டத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும். பெற்றவனுக்குத் தெரியாதா?

உன் குஞ்ஞு மச்சான்


786
மட்டாஞ்சேரி
20.8.1964

ஜுமைலாவின் அத்தாவுக்கு,

சலாம். உங்கள் ஆள் வெலிங்டன் தீவுத் துறைமுகத்திலிருந்து படகு பிடித்து வந்தார். மரியாதையான மனுஷர். சாயாவும் அரிசிப் பத்திரியும் கொடுத்தேன். நாடாவைக் கொடுக்கவில்லை. "பாவம் தங்கச்சி, அவர் சோறு எறங்காம இருக்கார்" என்றார். "இங்கேயும் அடுப்பு எரியத்தான் எரியுது அண்ணே, எறங்கறது ஆருக்கு?" என்றேன். கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

நாடா முழுக்கத் துடைத்து முடித்தாயிற்று. முதலிலிருந்து கடைசி வரைக்கும் நிறுத்தாமல் ஓடுகிறது. பக்கத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறது. மூச்சு விடுவது கூடக் கேட்கிறது. நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன்.

அவள் தனியாகப் பேசவில்லை. எனக்கே இப்போதுதான் தெரியும். பக்கத்து வீட்டு வெங்கிடாசலம் மகள் கங்காவையும் உள்ளே கூட்டி வைத்துக்கொண்டிருக்கிறாள். முதலில் ஒரே சிரிப்பு. நீ சொல்லு, நீ சொல்லு என்று இடிக்கிறார்கள். பிறகு ஒருத்தி சொல்கிறாள்: "அத்தா, இங்கே ரெண்டு பேர் இருக்கோம். ஒருத்திதான் உங்க மக. ரெண்டு பேரும் அத்தான்னுதான் கூப்பிடுவோம். ஆருன்னு கண்டுபிடிச்சு எழுதுங்க." உடனே இன்னொருத்தி, "தப்பாச் சொன்னா ரெண்டு பேருக்கும் பினாங்குப் பட்டுல பாவாடைத் துணி அனுப்பணும், பச்சைக் கலரு" என்கிறாள்.

அப்புறம் இரண்டு பேரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். ஒருத்தி கடைத்தெரு மீன்காரி கூவுகிற மாதிரி கூவுகிறாள். ஒருத்தி பெரியத்தா இருமிக்கொண்டே துணி அளக்கிற மாதிரி செய்து காட்டுகிறாள். ஒருத்தி பினாங்கில் நாய் எந்தப் பாஷையில் குரைக்கும் என்று கேட்கிறாள். ஒருத்தி பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான் எழுதச் சொல்கிறார்கள், தமிழில் எழுதினால் கை வலிக்கிறது, அதனால்தான் கடிதம் போடவில்லை, கோபிக்காதீங்க அத்தா என்கிறாள். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து, "சொல்லுங்க, ஆரு ஜுமைலா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். நாடா ஓடுகிறது. பதில் வரும் என்று காத்திருக்கிற மாதிரி காத்திருக்கிறார்கள். பிறகு ஒருத்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதோடு முடிந்துவிடுகிறது.

பெரிய மச்சான் வாசலில் நின்று கேட்டார். தன் இருமலைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "கள்ளி, எத்தனை நாளா இதைப் பார்த்து வச்சிருந்தா" என்று, அவள் பேரைச் சொல்லித் திட்டினார். அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வந்து, கல்யாணத்துக்கு வேறு பெட்டி வாடகைக்குச் சொல்லிவிட்டேன் என்றார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் பேச்சிலேயே எது அவள் என்று தெரிந்துவிட்டது அவருக்கு. கங்காவின் அம்மாவுக்குத் தெரிந்தது. எதிர் வீட்டு ராசப்பன் வேலிக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, "அய்யோ, நம்ம குட்டி" என்றார். இந்தத் தெருவில் தெரியாதவர்கள் ஒருத்தரும் இல்லை.

உங்கள் ஆளிடமும் நான் சொல்லவில்லை. உங்களுக்கும் எழுதப் போவதில்லை. கேள்வி என்னைப் பார்த்துக் கேட்டது இல்லை. அவள் யாருக்கு விட்டாளோ அவர்தான் சொல்ல வேண்டும். பச்சைப் பாவாடைத் துணி அனுப்பித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கங்காவுக்கு மட்டும் அனுப்புங்கள், அவள் கட்டிக்கொள்ளட்டும்.

பெற்றவனுக்குத் தெரியாதா என்று எழுதியிருந்தீர்கள். பெட்டி இங்கே கூடத்தில் இருக்கிறது. தினமும் துடைக்கிறேன். நீங்கள் எப்போது வந்தாலும் ஓடும். வராவிட்டாலும் ஓடும். வருவதற்கு முன்னால் காகிதத்திலேயே ஒன்று கேட்டுவிடுகிறேன். ஒருத்திக்குக் குரலில் கொஞ்சம் கரகரப்பு. ஒருத்தி மூச்சு வாங்காமல் கடகடவென்று பேசுகிறாள்.

இதில் நம் மகள் யார், மச்சான்?